குத்தகைதாரர் பதினேழு

ஐப்பசி 9, வியாழன்.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தாலுகா ஆபீசில் இன்று செல்லம்மாளின் குத்தகைப் பதிவு விசாரணை. புருஷன் செத்ததும் மிராசுதார் அவளை வயலில் இறங்க விடவில்லை. வாய்ப்பேச்சுக் குத்தகை, ரசீது கிடையாது. நான் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாகப் போய் நின்றால் எவன் மதிக்கிறான்? அதனால் பேராசிரியராகப் போனேன். அந்த ஊரில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய என் ஆய்வேட்டை மேசைமேல் வைத்தேன்.

தாசில்தார் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதுல இந்தம்மா புருஷன் பேரு எங்க சார் இருக்கு? ஊர்ப் பேரே இல்லியே?"

இல்லைதான். அடையாளம் தெரியக் கூடாதென்று நானே மாற்றினேன். ஊர் 'அ'. அவர் 'குத்தகைதாரர் 17'. பட்டம் வாங்கியதும் மூல நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டேன். இந்த ஆய்வேட்டைத் தூக்கிக் காட்டித்தான் சட்டசபையில் இத்தனை நாள் கத்தினேன், மடையன்.

மிராசுதார் பெயரையும் மறைத்திருக்கிறேன். அவர் எதிரே உட்கார்ந்து காபியை ஆற்றிக் குடித்தார்.

வெளியே வந்ததும் செல்லம்மாள் கேட்டாள்: "எங்க வூட்டுல உக்காந்து மோரு குடிச்சுக்கிட்டே அவ்வளவும் எழுதுனீங்களே சார், அது யாருக்கு?"