குதிரை என்று விற்ற கழுதை

நானா,

இன்று காலை பொம்மைப் பெட்டியைத் திறந்ததும் கராம்பு மணம் எழும்பி வந்தது. கழுதையின் காதுக்குள் நீங்கள் திணித்து வைத்தவை இன்னும் அப்படியே இருக்கின்றன. "பூச்சி அண்டாது தங்கச்சி" என்று சொல்லித்தான் வைத்தீர்கள். அதே பெட்டியில் அரசனும் இருக்கிறான், அரக்கனும் இருக்கிறான். அவர்களுக்கு ஒரு கராம்புகூட வைக்கவில்லை. நீங்கள் உடுத்திப் பழசான சாம்பல் நிறச் சாரத்தில் தைத்த கழுதை என்பதால் பாசமெல்லாம் அதன்மேல்தான்.

பெட்டியைத் திறக்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. கொழும்பிலிருந்து நிகழ்ச்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு பொடியன் பேசினான். மரியாதையான பிள்ளைதான். சிலாபத்தில் ஒரு வீட்டில் பிறந்தநாளாம், சிங்களத்தில் செய்ய வேண்டுமாம். முன்பு மூத்த மகனுக்கு வந்த அதே கழுதை இப்போது சின்ன மகளுக்கும் வேண்டும் என்று தாய் கேட்டிருக்கிறாள். "கழுதைக்குச் சிங்களம் கதைக்க ஆள் இருக்கா அக்கா?" என்றான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பெட்டிக்குள் பார்க்க என்ன இருக்கிறது? நீங்கள்தான் இல்லை.

அந்த வீட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் எங்கள் உடப்புத் திருவிழாவிலும் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் கைப்பொம்மை ஆட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் புத்தளத்தில் மேசை, கதிரை, ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தீர்கள். உங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானும் நானா என்றே கூப்பிடப் பழகினேன். கதிரை கேட்டு வருகிறவர்களின் தலையில் என் பொம்மைகளையும் சேர்த்துக் கட்டிவிடுவீர்கள். அவர்கள் எதைக் கேட்டாலும் உங்களிடம் ஒரே பதில்தான்: "ஓம், இருக்கு." அதற்குப் பிறகுதான் எனக்கு அழைப்பு வரும். நீங்கள் முதலில் விற்பீர்கள், நான் பிறகு தைப்பேன். நம் தொழில் அப்படித்தான் நடந்தது.

"தங்கச்சி, குதிரை ஒண்டு இருக்கெண்டு சொல்லிப்போட்டன். சிங்களம் கதைக்கிற குதிரை."

"என்னட்ட குதிரையும் இல்ல, சிங்களமும் இல்ல நானா."

"சிங்களத்த நான் பாத்துக்கொள்றன். உங்களுக்குத் துணி வேணுமா?"

மறுநாள் சாரம் வந்து சேர்ந்தது. நான் குதிரையைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. கற்பிட்டி வீதியில் நிற்கும் கழுதைகளைத்தான் கண்டு வளர்ந்தேன். கண்ணுக்குப் பழகியதைக் கை தைத்துவிட்டது. நீங்கள் அதைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தீர்கள். "இது எங்கட மன்னார்க் கழுதை மாதிரியே இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள். காதைக் கொஞ்சம் வெட்டச் சொல்வீர்கள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

திரைக்கு மேலே அது தலையை நீட்டியதும் பிள்ளைகள் எல்லோரும் "பூருவா, பூருவா" என்று கத்தினார்கள். அந்த ஒரு சிங்களச் சொல் எனக்கும் விளங்கியது. கழுதை என்கிறார்கள். குதிரை கேட்ட பிறந்தநாள் பையனுக்கு உதடு பிதுங்கிவிட்டது. பக்கத்தில் குந்தியிருந்த நீங்கள் வாயிலிருந்த கராம்பை மற்றக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, கழுதையின் கழுத்தோடு முகத்தை வைத்து, கோபித்துக்கொண்ட குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னீர்கள். முதலில் சிரித்தது அந்தப் பையன்தான். என்ன சொன்னீர்கள் என்று பிறகுதான் கேட்டேன். "யார் என்னைக் கழுதை என்றது? நான் குதிரை. என் உம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்."

அன்றிலிருந்து குதிரையை யாரும் கேட்கவில்லை. தன்னைக் குதிரை என்று நம்பும் கழுதையைத்தான் கேட்டார்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்த பிறகு சந்தையில் பொறுக்கிய சிங்களம் உங்களுடையது. முன்னும் பின்னுமாக விழும். பிள்ளைகள் அதைக் கழுதைப் பாஷை என்றே நினைத்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு முன்னும் சிலர் எனக்கு நிகழ்ச்சி பிடித்துத் தந்திருக்கிறார்கள். வீட்டு வாசல் கேற்றடியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் வேறு எதையும் பேசுவதற்கு முன் கேட்பது ஒன்றுதான்: "பொம்புளப் புள்ள வருது, உடுப்பு மாத்த கதவு பூட்டுற அறை இருக்கா?" அந்தக் கேள்வியை என் வாயால் கேட்கும் சங்கடம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதற்காக உங்களை எவ்வளவு நேசித்தேன் என்று நேரில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனாலும் அந்த "ஓம், இருக்கு" என்ற பேச்சு எனக்கு எரிச்சலூட்டியதும் உண்மை. இந்த மனிதருக்கு என்ன, வாயால் சொல்லிவிட்டுப் போய் நிம்மதியாகப் படுப்பார், தவிப்பது நான்தானே என்று புறுபுறுப்பேன். உங்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப் போன பிறகு, உள்ளே பெண்களோடு இருந்தபோது உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் எண்டு சொல்லிட்டு வந்தா அவருக்குச் சோறு இறங்காது புள்ள. 'அந்தப் புள்ள ஆக்களுக்கு முன்னால வெக்கப்படக் கூடாது' எண்டு அந்தச் சிங்களத்தத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துக்கொண்டே இருப்பார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை காலமும் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே.

இன்று கழுதையைக் கையில் மாட்டினேன். காதுக்குள்ளிருந்து ஒரு கராம்பை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். நாக்கு எரிந்தது. நீங்கள் சொன்ன வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். முதலில் உடப்புக்காரி சிங்களம் பேசுவதுபோல்தான் இருந்தது. திரும்பவும் சொன்னேன். உங்கள் பிழைகளைத் திருத்தாமல் அந்தந்த இடத்திலேயே விழவிட்டேன். எங்கோ ஓரிடத்தில் அந்தக் கோபித்த குரல் கழுதைக்குள் வந்து போனது. அது என் தொண்டைதான், ஆனால் பேசியது நீங்கள்.

கொழும்புப் பொடியனுக்கு அழைப்பு எடுத்தேன்.

"ஆள் இருக்கா அக்கா?"

"ஓம், இருக்கு."

சொல்லிவிட்டேன் நானா. மத்தியானச் சோற்றைப் போட்டு வைத்தபடி அப்படியே இருக்கிறேன், இறங்கவில்லை.