சிவப்புப் பேனாவும் லென்ஸின் ஓரமும்

என் கோமதி அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்குப் பேப்பர் வருகிறதா? வருகிறது என்றால் அதை நடத்துகிறவர்களுக்கு என் அனுதாபம். திருக்கழுக்குன்றத்தில் உன் வீட்டுக்குள் வந்த எந்தப் பேப்பரும் உன் சிவப்புப் பேனாவுக்குத் தப்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திய கை, ஓய்வு பெற்ற பிறகு நாட்டைத் திருத்தத் தொடங்கியது. நம்ப முடியாதது எதுவானாலும் ஒரு வட்டம். "மாமல்லபுரம் கடற்கரை ஐந்தே நிமிடம்" என்று மனை விளம்பரம் வந்தால், வட்டத்துக்குப் பக்கத்தில் "எதுல, ராக்கெட்லயா?" என்று எழுதி வைப்பாய்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பயந்து போனேன். உன் மேசை மேல் ஒரு வாரத்துப் பேப்பர் இருந்தது. புரட்டிப் பார்த்தேன், ஒரு வட்டம்கூட இல்லை. ஒன்று, நாடு திருந்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் உனக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். எதை நம்புவது என்று எனக்குக் குழப்பமே வரவில்லை.

அச்சு மங்கல் என்றாய். மை சரியில்லை என்று பத்திரிகை ஆசிரியருக்கு அஞ்சலட்டையும் போட்டிருந்தாய். அதற்கு முன்பே ட்யூப்லைட் மாறியிருந்தது, டிவி மாறியிருந்தது. கல்பாக்கத்தில் அணு உலைக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, உனக்குப் பயந்து எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டியிருந்தார். நீ சந்தேகப்படாத பொருள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் கண்புரை அறுவையில் உன் கண்ணுக்குள் வைத்த லென்ஸ். செங்கல்பட்டுப் பக்கத்துக் கம்பெனியில் நானும் சேர்ந்து வடிவமைத்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணுல இருக்கறது உன் லென்ஸுடா. அத நானே குறை சொன்னா வேற எவன் வாங்குவான்?"

லென்ஸ் மேல் குற்றமில்லை என்று நிரூபிக்க உன்னை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். புரையை எடுக்கும்போது அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய பையை விட்டுவைக்கிறார்கள். லென்ஸ் உட்காருவது அந்தப் பைக்குள். பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு மிஞ்சும் சில செல்கள் மெல்ல வளர்ந்து, லென்ஸுக்குப் பின்னால் நுழைந்து திரை போட்டுவிடும். லேசரில் சில நிமிட வேலை. வெளியே வந்ததும் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தாய், பேனா கேட்டாய். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சும்மா இருக்கவில்லை. "நான் பேப்பர் படிக்கிறவ, மாட்டிகினேன். படிக்காதவ இன்னா பண்ணுவா? வயசாயிடுச்சின்னு குந்திகினே இருப்பா. இது வராத மாதிரி ஒண்ணு பண்ணுடா." பார்க்கலாம் என்றேன். அந்த வார்த்தைக்கும் உன்னிடம் ஒரு வட்டம் இருந்தது.

உனக்கு மங்கலாக இருந்த மாதங்களில்தான் மாமா அந்த மனையை வாங்கினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். விளம்பரம் உன் பேனாவுக்குத் தப்பிவிட்டது. கடல் இன்னும் ஐந்து நிமிடத்துக்குள் வரவில்லை, ஆடுகள் வந்துவிட்டன. மாமா நாலு பக்கமும் சுவர் எழுப்பினார். ஆடுகள் கேட் ஓரத்துச் சந்தில் நுழைந்து மேய்ந்தன.

எங்கள் லென்ஸின் கதையும் ஏறக்குறைய அதுதான், அக்கா. பளபளப்புக்காக நாங்கள் அதை மெருகேற்றியதில் ஓரம் உருண்டு போயிருந்தது. பார்க்க அழகு, செல்களுக்குச் சறுக்குமரம். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினால் அது பையை அழுத்திக்கொண்டு நிற்கும், செல்கள் தாண்டுவது கடினம். ஆனால் லென்ஸைப் பைக்குள் பிடித்து நிறுத்தும் கொக்கி போன்ற இரண்டு கைகள் அதனோடு சேரும் இடத்தில் அந்த விளிம்பு விட்டுப்போனது. அதுதான் கேட் ஓரத்துச் சந்து. அதையும் அடைத்தோம். கூரான ஓரத்தில் இரவு வண்டி வெளிச்சம் பட்டுக் கண் கூசும் என்றார்கள். ஓரத்தை மட்டும் சொரசொரப்பாக்கினோம். வேலை முடிந்து அனுமதியும் கிடைத்தபோது, காட்ட நீ இல்லை. உன் இதயம் யாருக்கும் அஞ்சலட்டை போடாமல் நின்றுவிட்டது.

அடுத்து மாமாவுக்குப் புரை. பழைய லென்ஸுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது, புதியதற்குக் கொஞ்சம்தான், அவரே முடிவு செய்யட்டும் என்றார் டாக்டர். மாமா என்னைப் பார்த்தார். "அவ உன் பழச மாட்டிகினா. எனக்குப் புதுசு போடு மச்சான். ரிப்போர்ட்ட நான் மேல போய் அவகிட்டயே குடுத்துக்கறேன்."

அக்கா, என் வரைபடங்கள் எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் டாக்டர் விளக்கை வைத்து அவர் கண்ணுக்குள் பார்க்கும்போது, மாமா கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எனக்கு வேர்க்கும். இது மூன்றாவது வருடம். போன வாரமும் பார்த்தார்கள். தெளிவு.

விற்பனைப் பிரிவு விளம்பரம் எழுதிக் கொண்டுவந்தது: "இனி மங்கவே மங்காது." "மங்கும் வாய்ப்பைக் குறைக்கும்" என்று மாற்றினேன். இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்று மேனேஜர் வருத்தப்பட்டார். எங்கள் வீட்டில் சிவப்புப் பேனாவோடு ஒருவர் இருந்தார் என்றேன். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். தரக்கட்டுப்பாடு என்றேன். விட்டுவிட்டார்.

நேற்று அந்த விளம்பரம் வந்தது. காலையிலேயே மாமா போன் செய்தார். "அவ பேனாவ கையில வச்சிகினு மூணு தபா படிச்சேன் மச்சான். வட்டம் போட எடமே கெடைக்கல." பிறகு சொன்னார்: "கீழ அந்த மனைக்காரன் திரும்பவும் ஐஞ்சு நிமிஷம்னு போட்டுகீறான். அவனுக்குப் போட்டுட்டேன்."

"குறைக்கும்" என்பதை அடித்துவிட்டு "வராது" என்று எழுத ஒரு நாள் வரும். எனக்கு அதில் சந்தேகமில்லை. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் வந்து மாமாவின் பேப்பரைப் புரட்டிப் பார்ப்பேன். வட்டங்கள் குறைந்தால் அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். எந்த ஆசிரியருக்கும் இனி அஞ்சலட்டை போகாது.

உன் பேனாவுக்கு ஒரே ஒரு முறை தப்பிய தம்பி,
ஏழுமலை