கல்லுளிமங்கி பேசிய ஆங்கிலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நினைவுபடுத்தாமலே மாத்திரை போட்டுக்கொள்கிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடல் கடந்து வந்திருக்கும் எங்கள் சலவைக்கூடத்துப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்பு நடக்கிறதல்லவா? இந்த வாரம் டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு நாடகம் போடச் சொன்னார். நான் லீவு கேட்கும் தொழிலாளி. மறுக்கும் மேலாளராக, இஸ்திரி மேஜையில் என் பக்கத்தில் நிற்கும் அக்கா. ஆறு மாதமாக வகுப்பில் வாயே திறக்காதவர். அவருக்குக் கல்லுளிமங்கி என்றே பட்டப்பெயர்.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். தடதடவென்று ஆங்கிலம் கொட்டியது, அப்பா! உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "தினமும் லேட்டு! கை என்ன ஆமையா? உன்னை யாரு இங்க கூப்பிட்டா?" எல்லாம் எங்கள் மேலாளர் அவரை ஆங்கிலத்தில் திட்டியவை. ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கிறார்!

கடைசியில் "லீவு கிடையாது" என்று அவர் முடிக்க வேண்டும். ஆனால் அக்கா என்னையே பார்த்தார். பிறகு, இங்கே யாருமே அவரிடம் சொல்லியிராத வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கோத்துச் சொன்னார்: "போயிட்டு வாம்மா. உங்கப்பா காத்துட்டிருப்பாரு."

 

நாடகத்தில் லீவு கிடைத்துவிட்டது, அப்பா. நிஜத்தில் கேட்பதற்கும் ஒத்திகை பார்க்கிறேன்.

அதுவரை அம்மா தினமும் கட்டும் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். புடவையைத் துவைக்க வேண்டாம். துவைத்த துணி இங்கே மலைமலையாகக் கிடக்கிறது.

உங்கள் மகள்