எனக்கு எதற்குப் பிரசவக் காப்பீடு?

அக்டோபர் 8, 2013

எங்கள் மருத்துவக் காப்பீட்டைப் பறித்துவிட்டார்கள். வாஷிங்டனில் உட்கார்ந்து புதுச் சட்டம் எழுதியவர்கள் செய்த வேலை. வருடக்கணக்காகத் தவறாமல் கட்டிவந்த திட்டம். பிரசவச் செலவு அதில் இல்லையாம், அதனால் இனிச் செல்லாதாம். எனக்கு வயது அறுபத்திரண்டு. வெர்னாவுக்கு அறுபது. மகள் கெல்சிக்குக் கல்யாணமே ஆகவில்லை. யாருக்குப் பிரசவம்? டிராக்டர் பழுது பார்க்கும் நான் எதை வாங்க வேண்டும் என்று, டிராக்டரில் ஏறியே இராதவன் சொல்கிறான்.

அக்டோபர் 20

எங்கள் சபையின் பகிர்வு நிதியில் மூவரையும் சேர்த்துவிட்டேன். புதுச் சட்டம் அதைத் தொட முடியாது. ஒரு வீட்டின் நோய்ச் செலவை மற்ற வீடுகள் பங்கு போட்டு அனுப்பும், கூடவே ஒரு ஜெபமும். ஒழுக்கமாக வாழ்கிறவர்களுக்கு மட்டும். விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருவன். பிள்ளை வளர்ப்பதும் அப்படித்தான்: கோடு போடு, பிறகு நகர்த்தாதே.

நவம்பர் 17

கெல்சி கர்ப்பமாக இருக்கிறாள்.

நவம்பர் 18

அவளோடு பழகிய பையன் வட டகோட்டா எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்கு ஓடிவிட்டான். போனை எடுப்பதில்லை. வெர்னாவுக்கு முன்பே தெரியுமாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணிருப்ப ஆர்வல்? பிரசங்கம்தான."

நிதியின் விதி: திருமணத்துக்கு வெளியே உண்டான கர்ப்பத்தின் செலவைப் பகிர்வதில்லை. அந்த வாக்கியம் நான் எழுதியது.

டிசம்பர் 4

நிதிக் குழு கூடியது. "உன் பொண்ணுய்யா. ஒரு தடவ கண்ண மூடிக்குவோம்," என்றார் பாஸ்டர் ஹார்லன்.

ட்வெய்ன் எழுந்தான். போன வருடம் அவன் மகளுக்கு இதே விதியைக் காட்டி மறுத்தவன் நான். "எம்பொண்ணு வந்தப்ப மட்டும் எல்லார் கண்ணும் நல்லாத் தெறந்திருந்துச்சே?"

கெல்சிக்குக் கொடுக்கக் கூடாது என்று முதலில் கை தூக்கியது நான். என் வீட்டு வாசலில் வளைந்துபோனால் அது என்ன விதி?

வீட்டில் சொன்னேன். கெல்சி தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "தெரியும்பா," என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 9

அரசாங்க மருத்துவ அட்டை வாங்கிவிட்டாள். ஊரார் வரிப்பணத்தில் என் பேரப்பிள்ளையா? "அந்த அட்டை என் வீட்டுக்குள்ள வரக் கூடாது," என்றேன்.

"அப்ப நானும் வரலப்பா."

ட்வின் ஃபால்ஸில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 12

எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலி. எல்லாம் நானே நட்ட கம்பங்கள்.

கெல்சிக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறதாம். வாராவாரம் டாக்டரிடம் போகிறாள், அந்த அட்டையை வைத்துக்கொண்டு. சட்டம் தப்புதான், இன்றும் சொல்வேன். ஆனால் அட்டை இல்லாவிட்டால்? — இதை எழுதியிருக்கக் கூடாது.

ஜனவரி 13

வெர்னா என்னோடு பேசுவதில்லை. நாயோடு பேசுகிறாள், எனக்குக் கேட்கும்படி.

பிப்ரவரி 2

ட்வெய்ன் என் பட்டறைக்கு வந்தான். பழுது எதுவும் கொண்டுவரவில்லை. வண்டியின் பின்னால் ஒரு தொட்டில்.

"எம்பேரன் வளந்துட்டான். இதுக்கும் ஏதாச்சும் விதி வச்சிருக்கியா கெழவா?"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம்.

மார்ச் 9

கெல்சி வீட்டில் இருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. ட்வின் ஃபால்ஸுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன், அவள் ஏறிக்கொண்டாள்.

இனி ஆக வேண்டியவை:

வாஷிங்டன்காரர்கள் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும். இதில் மாற்றமில்லை.

பாஸ்டர் ஹார்லன் அந்த விதியை மறுபடி குழுவின் முன் வைக்க வேண்டும். ட்வெய்ன் பேசட்டும். நான் குறுக்கே பேச மாட்டேன்.

பனி விழுந்தால் எங்கள் பாதையிலிருந்து அதை ட்வெய்ன் தள்ளிவிட வேண்டும் (சரி என்றான், திட்டிக்கொண்டே).

வெர்னா ஆஸ்பத்திரிக்கான துணிமணிப் பையைக் கதவருகே வைக்க வேண்டும்.

வலி கண்டதும் கெல்சி என்னை எழுப்ப வேண்டும், அம்மாவை அல்ல. வண்டி ஓட்டுவது நான்.

அவசரத்தில் அவள் அட்டையை மறந்தால் நான் எடுத்துக்கொள்ள வேண்டும். சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் இருக்கிறது.