வினிபிரட் அக்கா குடிக்காத தேத்தண்ணி

யூன் 3, செவ்வாய்

ஸ்கூட்டிக்கு மறுபடியும் காற்றுப் போய்விட்டது. அலுவலகத்துக்குப் பத்து மணிக்குத்தான் வந்தேன். ஏன் பிந்தினாய் என்று கேட்க ஆளில்லை. வினிபிரட் அக்கா செத்து இன்றைக்குப் பதினொரு நாள்.

எங்கள் சிறுவர் நலச் சங்கத்தில் இருந்ததே இரண்டு பேர். பள்ளிக்கூடத்தால் நின்ற பிள்ளைகளைத் தேடி இருபத்தாறு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அக்கா. நான் கோப்பு எழுதுகிறவள். அக்காவின் கொப்பியில் கடைசிப் பக்கம்: "பிரியந்தினி, பதின்மூன்று வயது, மயிலிட்டி. தகப்பன் பிலிப்பு கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப் பார்க்கிறார். மூன்று தரம் போனேன். இன்னும் ஒருக்கால் போகவேணும்."

போகவேணுமாம். இனி ஆர் போறது? நான்தான்.

யூன் 5, வியாழன்

போனேன். தாய் றோஸ் முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். பிலிப்பு அறுந்த வலையோடு. பிரியந்தினி தலை நிமிரவேயில்லை.

நான் உடுப்பிட்டி என்றதும் பிலிப்புவின் முகம் ஒரு மாதிரிப் போனது. போகாதா? எங்கள் ஊர்ப் பெரிய ஆட்கள் சாதி பார்த்துக் கடற்கரை வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் நின்றுவிட்டு வந்த கதை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் றோஸ் தேத்தண்ணி தந்ததும் இரண்டு கையாலும் வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். பிலிப்பு சிரித்தார். "யோசியாதேங்கோ மிஸ், எல்லாம் சரி" என்றார். றோஸ் மட்டும் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்காவுக்கு மூன்று தரத்தில் முடியாதது எனக்கு ஒரே தரத்தில்! வழியெல்லாம் பாட்டுத்தான்.

யூன் 9, திங்கள்

பிரியந்தினி பள்ளிக்கூடம் வரவில்லை.

யூன் 10, செவ்வாய்

அக்காவின் கணவர் துரைராஜா அண்ணையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தலையில் கைவைத்துவிட்டார்.

"தேத்தண்ணி குடிச்சனீரோ? பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போனாப் பிறகுதான் வினி அந்த வீட்டிலை வாய் நனைப்பா. கடற்கரை முழுக்கத் தெரியும். நீர் குடிச்சால் அலுவல் முடிஞ்சுது எண்டுதான் நினைப்பினம்."

அதுதானா பிலிப்பு சிரித்தது!

பிறகு அண்ணை தானே சிரிக்கத் தொடங்கினார். "உண்மையைச் சொல்லட்டோ? அவவுக்குச் சீனி வருத்தம். சீனி போடாமல் தாங்கோ எண்டு கேக்க வெக்கம். அதுக்குச் சொன்ன சாட்டு அது. சனம் நேர்த்திக்கடன் எண்டு நம்பிப்போட்டுது. கடைசியிலை அவவும் நம்பிப்போட்டா."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை காங்கேசன்துறையில் ரயிலேற்றப் போகிறார்களாம். அண்ணை சந்தையில் கேள்விப்பட்டிருக்கிறார். என்ன செய்துவிட்டேன் நான்?

யூன் 12, வியாழன்

திரும்பவும் மயிலிட்டி. தேத்தண்ணி வந்தது. நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

"பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், பிறகு குடிக்கிறன்."

பிலிப்பு எழும்பிவிட்டார். "உடுப்பிட்டிக் குணம் இப்பதான் வெளியிலை வருது. எங்கடை வீட்டிலை வாய் நனைக்கேலாதோ?"

இந்தப் பேச்சுக்குப் பயந்துதானே அன்றைக்குக் குடித்தேன்?

"அண்டைக்குக் குடிச்சதுதான் என்ரை பிழை, அண்ணை. என்னை என்ன நினைப்பியள் எண்டு பயந்து பிள்ளையை மறந்துபோனன். பேசுங்கோ. நான் இருக்கிறன்."

இருந்தேன். தேத்தண்ணி ஆறியது. அதில் ஒரு இலையானும் பறந்து வந்து விழுந்தது.

"வலையெல்லாம் போச்சுது மிஸ். அங்கையெண்டால் அவளுக்கு மூண்டு நேரமும் சோறு" என்றார் பிலிப்பு, இப்போது சத்தமில்லாமல். கோப்பில் இதற்கு எங்கே பதில் இருக்கிறது?

றோஸ்தான் பேசினார். "அவ மூண்டு தரம் வந்தவ. மூண்டு தரமும் அவவுக்குப் போட்ட தேத்தண்ணியை முத்தத்திலை ஊத்தினனான். இனி வரமாட்டா. அவவின்ரை முப்பத்தொண்டாம் நாளுக்கு முதல் அந்தத் தேத்தண்ணிக்கு நான் ஒரு வழி பாக்கவேணும். பிள்ளை கொழும்புக்குப் போகாது."

பிலிப்பு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அது ஓமா, இல்லையா?

யூன் 15, ஞாயிறு

ரயில் போயிருக்கும். கேட்கப் பயமாக இருக்கிறது.

யூன் 16, திங்கள்

பள்ளிக்கூட அதிபர் தொலைபேசி எடுத்தார். வந்திருக்கிறாளாம்! சப்பாத்து இல்லாமல், செருப்போடு.

சப்பாத்து வாங்கிக்கொண்டு பின்னேரமே போனேன். றோஸிடம் சீனிக் கதையையும் சொன்னேன். மனுசி சிரிக்கவில்லை. "பாவம், என்னட்டை வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்" என்றார்.

யூன் 23, திங்கள்

அக்காவின் முப்பத்தோராம் நாள். மாலைப் பூசை முடிந்து எல்லோரும் துரைராஜா அண்ணை வீட்டுக்கு வந்தோம். பிலிப்பு குடும்பமும் வந்தது. பிரியந்தினி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள். றோஸின் ஒரு கையில் பிளாஸ்க், மற்றக் கையில் சீனிப் போத்தல்.

முதல் கிளாசை அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்தார். "சீனி போடேல்லை, அக்கா" என்றார்.

இரண்டாவது கிளாசில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினார். அதைப் பிலிப்பு வாங்கித் தன் கையாலேயே என்னிடம் நீட்டினார். "இனிக் குடிக்கலாம், மிஸ்."

குடித்தேன். சீனிப் பாணியாக இனித்தது. நாளைக்குக் குருநகரில் ஒரு வீட்டுக்குப் போகவேண்டும், அங்கே எத்தனை நாளைக்கு வெறும் வாயோடு இருக்கவேண்டி வருமோ தெரியாது. அதனால் இன்னொரு கிளாசும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.