லோஷினி அழுகிறாள்

ஸ்கூடாய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள லோஷினி அப்பாவுக்கு,

பிரவீனா எழுதுவது. நானும் பிள்ளையும், எங்களுக்குத் துணையாக மெர்சிங்கிலிருந்து வந்திருக்கும் உங்கள் வாசுகி அக்காவும் நலம். கடலுக்கு நடுவில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் காலத்தில் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். வீடியோவில் கூப்பிட்டால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். உங்களோடு அதே எண்ணெய் மேடையில் வேலை செய்யும் லோகேஸ்வரன், அங்கே இருந்தவரை தெப்ராவில் இருக்கும் தன் மனைவியோடு தினமும் வீடியோவில் பேசியிருக்கிறார். அவருக்கு மட்டும் தனி சிக்னல் போலிருக்கிறது. லீவு முடிந்து அவர் நாளை திரும்புகிறார். அதனால் இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சிக்னல் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

முதலில் பிள்ளை விஷயம். நெஞ்சில் தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது. முன்பெல்லாம் பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கி, பாதியில் களைத்துத் தூங்கிவிடுவாளே, இப்போது அப்படி இல்லை. முழுப் போத்தலையும் முடித்துவிட்டு, காலிப் போத்தலைப் பிடுங்கினால் சண்டைக்கு வருகிறாள். மருந்தை மட்டும் துப்புகிறாள். என் சட்டைகளுக்கெல்லாம் இதயம் இந்நேரம் குணமாகியிருக்கும்.

நெஞ்செலும்பு நன்றாகக் கூடும்வரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தலைக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, அப்படியே ஏந்தித்தான் எடுக்க வேண்டும். உங்கள் அக்கா பிள்ளையைத் தொடப் பயந்து, இரண்டு நாள் அரிசிப் பையை வைத்துப் பழகினார். பையை ஏந்திக்கொண்டு ஹாலில் நடந்தவர், தன்னை அறியாமல் அதைத் தட்டிக்கொடுத்ததை நான் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

நம் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும், பிள்ளை அழவே கூடாது. அழுதால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாரித்துவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அப்படித்தானே வாழ்ந்தோம்? நான் குக்கர் வைப்பதை நிறுத்தினேன். பக்கத்து வீட்டு ஆ ஹெங் அங்கிள் நாயைக் கொல்லைப் பக்கம் கட்டினார். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் கமலநாதன், நம் வீடு வருமுன்பே ஹார்னை நிறுத்திவிடுவார். ஆபரேஷன் முடிந்து வந்த பிறகும் அந்தப் பழக்கம் யாருக்கும் போகவில்லை. அவள் உதட்டைப் பிதுக்கினால் போதும், நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கமிருந்து ஓடுவோம்.

போன வாரம் கிளினிக்கில் நர்ஸ், பிள்ளை நன்றாக அழுகிறாளா என்று கேட்டாள். அழவே விடுவதில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “நாங்கிஸ் பாகுஸ் லா, புவான்” என்றாள். அழுவது நல்லதுதானாம். இதயத்தைச் சரி செய்தாகிவிட்டது, இனி மற்றப் பிள்ளைகள் மாதிரி அழட்டும் என்றாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டத்தான் முடிந்தது.

மறுநாள் காலையில் கமலநாதன் வண்டியைச் சத்தமில்லாமல் நிறுத்தி, “பேபி எப்படிம்மா இருக்கு? இப்ப ஹார்ன் அடிக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் போவட்டுமா?” என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “அடிங்கண்ணே” என்று சொல்லிவிட்டேன். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்துவிட்டார் மனிதர்!

மெத்தையில் கிடந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீறிட்டு அழுதாள். அக்கா “அலமாக்!” என்று ஓடிவந்து, நீலம் பாரித்தால் செய்வோமே, அதுபோல அவள் முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இருங்கக்கா, பாப்போம்” என்றேன். அவள் நிறுத்தவே இல்லை. உதட்டைப் பார்த்தேன், விரல் நகத்தைப் பார்த்தேன். முகம் தக்காளியாகச் சிவந்ததே தவிர, நீலம் வரவே இல்லை. பிறந்து எட்டு மாதமாகப் போகிறது, நம் பிள்ளையின் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானும் அக்காவும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். கமலநாதன் தான் ஏதோ கெடுத்துவிட்டதாகப் பயந்து, தேங்காய்ப்பால் ஜாம் வைத்த இரண்டு காயா பன்னைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அழுகிறாள். சட்டை மாற்றினால் அழுகை, ஃபேனை நிறுத்தினால் அழுகை. அக்காவுக்குக் காது வலிக்கிறதாம். எனக்கு வலிக்கவில்லை.

இனி உங்கள் விஷயம். மாதக் கடைசியில் வரவேண்டிய நீங்கள், வேறொருவரின் முறையையும் சேர்த்து வேலை செய்கிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறீர்களாம். லோகேஸ்வரன் மனைவி, எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள். பயங்கரக் கோபம் வந்தது. உங்களைத் திட்டிக்கொண்டே ஒரு கூடைத் துணியை மடித்து முடித்தேன். அதற்குள் கோபம் போய்விட்டது.

ஆபரேஷனுக்கு முன்பு, அன்று அடுப்படியில் அவள் உங்கள் கையில்தான் அழுதாள், நீலமானாள், துவண்டு சாய்ந்தாள். அதன் பிறகு அவள் தூங்கும்போது தவிர நீங்கள் தூக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அது உங்கள் கையால் வந்ததில்லை. என்னிடம் இருந்திருந்தாலும் வந்திருக்கும், அக்காவிடம் இருந்திருந்தாலும் வந்திருக்கும். கோளாறு அவள் இதயத்தில் இருந்தது. அதைத் தைத்துவிட்டார்கள்.

அந்தக் கூடுதல் முறையை வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பத்திரமாகக் கரைக்கு வாருங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் பிள்ளைகள் புது முகம் கண்டால் அழும். இத்தனை வாரம் கழித்து வரும் உங்களைப் பார்த்தும் அழத்தான் போகிறாள், நீங்கள் தூக்கினால் இன்னும் அழுவாள். உடனே பயந்து என்னிடம் நீட்டாதீர்கள், நான் வாங்கமாட்டேன். உங்கள் கையிலேயே அழட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பிரவீனா