பதினான்காவது கேள்வி

பிப்ரவரி 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் பேசுவதென்றால் ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்துக்கே கேட்கும்படிதான் பேச வேண்டும். இது உனக்கு மட்டும்.

உருண்டைப் பாப்பாவுக்கு இரண்டாவது தடுப்பூசி போட வேண்டிய நாள் தாண்டிவிட்டது. நான் இன்னும் கூட்டிப்போகவில்லை. முதல் ஊசி போட்ட அன்று அவளுக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். அவள் கத்திய கத்தல் உனக்குத் தெரியாது. பால் குடிக்கவில்லை. தூக்கினால் இன்னும் கத்தினாள். தொடையில் குத்திய இடம் கல்லாட்டம் வீங்கியிருந்தது. நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கோடா, மன்னிச்சுக்கோ" என்று அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமியார் திட்டவில்லை. கதவோரம் நின்று, "நீதானேம்மா தூக்கிட்டுப் போனே?" என்றார். உன் அத்தான், "அடுத்த ஊசியை உன் இஷ்டப்படி பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். ஆனால் அலுவலகம் போகும் வழியில் பஸ் ஊசி போட்ட கிளினிக்கைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நூலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நீ பயப்பட ஒன்றுமில்லை. ஊசிக்குப் பின் காய்ச்சல், வீக்கம், நீண்ட அழுகை எல்லாம் வரக்கூடியவைதான். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். இந்த ஊசி தடுக்கும் கக்குவான் இருமல் அப்படியில்லை, கைக்குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம். நாள் தள்ளிப்போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த அழுகையை மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. மற்ற விவரங்களைத் தனித்தாள்களில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

என் ஆய்வும் இதைப் பற்றித்தான் தெரியுமா? தடுப்பூசி பற்றிப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள். போனிலேயே நிரப்பும்படி கேள்விகளை அனுப்புகிறோம். முதல் தவணைப் பதில்கள் வந்துவிட்டன. உடம்புக்குள் ஊசி என்ன செய்கிறது என்பதை ஒருத்தி எட்டு வரியில் அழகாக விளக்கியிருக்கிறாள், தன்னுடைய ஊசியை மட்டும் மூன்று வருடமாகத் தள்ளிப்போடுகிறாள். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர், "அம்மாவைக் கேக்கணும்." ஒருவன், "நம்பிக்கை முழுசா இருக்கு. ஊசியைப் பாத்தாத்தான் மயக்கம் வருது" என்கிறான்.

பேராசிரியருக்குத்தான் திருப்தியில்லை. "எல்லாம் பாடப்புத்தக வாடை அடிக்குதும்மா. உயிருள்ளதா ஒரு கேள்வி சேத்துடு" என்றார். சேர்த்துவிட்டேன். சீக்கிரம் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து எழுது.

உன் சுண்டெலி

மார்ச் 4

தங்கைக்கு,

இன்று மதியம் அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்களிடம் கட்டட வரைபடம் பழக வந்திருக்கும் பெண் உன் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாள். போனை எடுத்து, "மேடம், இதைக் கேளுங்களேன், செம காமெடி" என்று உரக்கப் படித்தாள்.

"பதினான்காவது கேள்வி. முதல் ஊசிக்குப் பின் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. தாய் தொட்டிலருகே தரையில் அமர்ந்து குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கிறார். அடுத்த ஊசியைத் தவிர்க்கிறார். இவரிடம் என்ன சொல்வீர்கள்?"

"நீ என்ன எழுதினே?" என்று கேட்டேன்.

"'முதல்ல பள்ளிக்கூடம் போங்கம்மா'ன்னு எழுதினேன் மேடம்."

மேசையே சிரித்தது. கணக்காளர், "மன்னிப்புக் கேட்ட நேரத்துல ஆட்டோ பிடிச்சிருந்தா அடுத்த ஊசியும் போட்டிருக்கலாம்" என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே.

பெயர் போடவில்லையே என்பாய். பெயர் இல்லாததால்தான் அந்த அம்மாவுக்காக என்னால் வாயைத் திறக்க முடியவில்லை; திறந்தால் பெயர் வந்துவிடும்.

நீ அனுப்பிய தாள்களைப் படித்தேன். எனக்கு முன்பே தெரிந்தவைதான் எல்லாம். தெரியாமலா நான் போகாமல் இருக்கிறேன்?

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

தப்பு என்னுடையது. கேட்டால் மாட்டேன் என்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன், வந்த பதில்களையும் அழித்துவிட்டேன். "நல்லா வேலை செஞ்ச கேள்வியாச்சேம்மா" என்றார் பேராசிரியர். "அது என்னுடையது இல்லை சார்" என்றேன்.

அழிக்கும் முன் எல்லாவற்றையும் படித்தேன். கிண்டல் செய்தவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். நான் உனக்கு எழுதிய அதே விளக்கம், சில இடங்களில் அதே வாக்கியம். "ஒன்றும் சொல்ல மாட்டேன். கூடப் போவேன்" என்றும் ஒரு பதில் இருந்தது. அதை ஆய்வில் 'அறிவு' என்ற பிரிவில் சேர்ப்பதா, 'மனப்பான்மை' என்ற பிரிவில் சேர்ப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு உன் முதல் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். ஊசியைப் பற்றி நீ என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உன் மாமியார் கேட்டதை எழுதியிருந்தாய், அத்தான் சொன்னதை எழுதியிருந்தாய். நான் அதைத் தாண்டிக் காய்ச்சலுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உருண்டையை நான் தூக்கிக்கொள்கிறேன். யாராவது கேட்டால், சித்திதான் தூக்கிக்கொண்டு போனாள் என்று சொல்.

உன் சுண்டெலி

மார்ச் 17

அன்புள்ள தங்கைக்கு,

வர வேண்டாம் என்று போனில் ஒரே வார்த்தையில் சொன்னேன். கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று உன் அத்தானிடம், "நாளைக்கு லீவு போடுங்க, ஊசிக்குப் போகணும்" என்றேன்.

"நான் எதுக்கு? நீயே..."

"காய்ச்சல் வந்தா ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போனதா இருக்கட்டும்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம்னு சொன்னா உனக்குச் சுதந்திரம்னு நினைச்சேன்" என்றார்.

"அதுக்குப் பேரு தனியா விடுறது."

கூடத்திலிருந்து மாமியார், "அப்ப நான் மட்டும் வீட்டுல உக்காந்து என்ன பண்ண? நானும் வரேன்" என்று செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். மறுநாள் மூன்று பேரும் போனோம். போன தடவை அழுததை டாக்டரிடம் சொன்னேன். துருவித் துருவிக் கேட்டுவிட்டு, போடலாம் என்றார். உன் அத்தான்தான் உருண்டையின் காலைப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டதும் அவர்தான்.

நீ தூக்குகிறேன் என்றது நல்ல மனசில்தான். ஆனால் நீ தூக்கியிருந்தால் பழி ஆள் மாறியிருக்கும், அவ்வளவுதான். இந்த வீட்டில் அது அப்படியே இருந்திருக்கும்.

கேள்வியை நீ அழித்துவிட்டாய் என்று நம்புகிறேன். ஆனாலும் உனக்கு எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு வரியையும் யாராவது சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தால் எப்படிக் கேட்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதினேன்.

ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்ததா, எவ்வளவு நேரம் அழுதாள் என்று கேட்பாய். அதை எழுதப் போவதில்லை. உருண்டை நலம். இப்போதைக்கு உனக்கு அது போதும்.

அக்கா